ஊட்டி உறைபனிக்கும் மே 10க்கும் நடுவில்: 2023-24 குளிர்காலத்தின் நாற்றுக் கணக்கு

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவின் 126ஆவது மலர் கண்காட்சி 2024 மே 10ஆம் தேதி தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு மே 19, அதற்கும் முந்தைய ஆண்டு மே 20. பூ பார்க்க மலையேறி வருபவருக்கு ஒன்பது பத்து நாள் வித்தியாசம் ஒன்றுமே இல்லை. விதை போடுகிறவருக்கு அது பெரிய விஷயம், அதுவும் அந்தக் குளிர்காலத்தில் மிகப் பெரிய விஷயம், ஏனென்றால் அந்த முறை உறைபனி வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தது. பனிக்காலம் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்ள, பூக்க வேண்டிய நாள் முன்னால் வந்துவிட, நடுவில் செடி வளர இருந்த இடம் இரண்டு பக்கமும் சுருங்கியது. பனிக்காலத்தை ஒட்டிப் பூச்செடி நடுவது எப்படி என்று யோசிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் தமிழ்நாட்டில் கிடைக்காது என்பது என் எண்ணம், அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

குளிர் நாடுகளில் தோட்டம் போடுகிறவர்களுக்கு 'கடைசிப் பனி நாள்' என்று ஒரு தேதி உண்டு. பல ஆண்டுப் பதிவுகளை வைத்து ஒவ்வொரு ஊருக்கும் கணக்கிட்டு வைத்திருப்பார்கள். அதைச் சராசரியாகச் சொல்லும்போது பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று இருக்கிறது: சராசரித் தேதி என்றால் ஏறக்குறைய பாதி ஆண்டுகளில் அந்தத் தேதிக்குப் பிறகும் பனி விழுந்திருக்கிறது என்றுதான் பொருள். அதனால் அனுபவமுள்ளவர்கள் பத்தில் ஒரு ஆண்டு மட்டுமே பனி வரக்கூடிய தேதி எது என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் மென்மையான செடிகளை மண்ணில் வைப்பார்கள். ஊட்டியில் இப்படி அச்சிட்ட தேதியை யாரும் கையில் வைத்துக்கொண்டு நடுவதில்லை. நவம்பரில் நீர்ப்பனி ஆரம்பிக்கும், அப்புறம் உறைபனி, பிப்ரவரி வரை இருக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பொதுக்கணக்கு. சாதாரண ஆண்டுகளில் அது போதும். 2023-24 சாதாரண ஆண்டு இல்லை.

மழை நின்ற மறுவாரம்

பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டு அது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடியாமல் ஜனவரி நடுப்பகுதி வரை இழுத்துக்கொண்டு போனது. மேகம் மூடியிருக்கும் வரை ஊட்டியில் உறைபனி விழாது. ஏன் என்று புரிந்துகொண்டால் மீதிக் கணக்கு எல்லாம் எளிதாகிவிடும்.

ஊட்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது, அந்த இடத்துக்குப் பனி வரக் காரணமே உயரம்தான். பூங்கா 2,200 மீட்டருக்கு மேலே, தொட்டபெட்டாவின் சரிவில் இருக்கிறது. ஜனவரியில் கூடப் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், வெப்பம் 20 டிகிரியை ஒட்டிப் போகும். வானம் தெளிவாக, காற்று அசையாமல், ஈரப்பதம் குறைவாக இருக்கும் இரவில் அந்தப் பகல் வெப்பம் முழுவதும் தரையிலிருந்தும் இலையிலிருந்தும் நேராக ஆகாயத்துக்குப் போய்விடுகிறது, தடுக்க மேகம் இல்லை. தரை முதலில் குளிர்கிறது, தரையைத் தொட்ட காற்று அடுத்துக் குளிர்கிறது, குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்குகிறது.

ஜனவரி நடுவில் மழை விலகியது, வானம் திறந்தது. அந்த மாதம் 18ஆம் தேதியை ஒட்டி வெளியான அளவுகளைப் பாருங்கள்: காந்தலிலும் தலைகுந்தாவிலும் 1 டிகிரி, தாவரவியல் பூங்காவில் 2 டிகிரி, சாண்டிநல்லாவில் 3 டிகிரி. ஒரே ஊர், சில கிலோமீட்டர் இடைவெளி, மூன்று அளவு. இதில் 2 டிகிரி என்பதைப் பார்த்து 'உறையவில்லையே' என்று நினைத்துவிடக் கூடாது. வெப்பமானியை மனிதர் நெஞ்சு உயரத்தில், கூண்டுக்குள் வைத்து அளக்கிறார்கள். தெளிந்த இரவில் புல் மட்டத்தில் அதைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாக இருப்பது சாதாரணம். நாற்று இருப்பது புல் மட்டத்தில். ஆகவே கூண்டில் 3 என்று காட்டினாலே பாத்தியில் பனி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

தாமதமான பனிக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. வழக்கமான ஆண்டில் நவம்பர் கடைசியிலிருந்தே இரவுகள் படிப்படியாகக் குளிரும், செடி அதற்குப் பழகும், இலை தடிக்கும், திசுவில் சர்க்கரை கூடும், நீர் குறையும், அதனால் லேசான பனியைத் தாங்கும். மழையும் மேகமுமாக ஜனவரி வரை போனால் செடி தளதளவென்று மென்மையாகவே வளர்ந்திருக்கும். அதன் மீது திடீரென்று விழும் முதல் பனி கடுமையாக அடிக்கும். ஈர மண் பகல் வெப்பத்தை நன்றாகச் சேர்த்து வைக்கும் என்பது முதல் சில இரவுகளுக்குக் கொஞ்சம் காப்பு, மண் காயக் காய அதுவும் போய்விடும்.

பூக்கும் நாளிலிருந்து பின்னோக்கி

கண்காட்சிக்கு நடுகிறவர் எண்ணத் தொடங்க வேண்டியது பூ விரிய வேண்டிய நாளிலிருந்து. மே 10ஐ வைத்து எண்ணினால் 10 வாரம் பின்னால் மார்ச் 1 வருகிறது, 12 வாரம் என்றால் பிப்ரவரி 16, 14 வாரம் பிப்ரவரி 2, 16 வாரம் ஜனவரி 19, 20 வாரம் டிசம்பர் 22. இப்போது அந்த 16 வாரக் கணக்கை மறுபடி பாருங்கள். ஜனவரி 19. காந்தலில் 1 டிகிரி பதிவான அதே நேரம்.

பிரெஞ்சு மேரிகோல்டு, ஜின்னியா, பால்சம், கேண்டிடஃப்ட் போன்றவை விதையிலிருந்து பூவுக்கு எட்டு முதல் பத்து வாரம் எடுக்கும். பெரிய பூ இன்கா மேரிகோல்டு, சால்வியா பத்து முதல் பன்னிரண்டு. பெட்டூனியா, பேன்சி, ஸ்டாக் பன்னிரண்டு முதல் பதினான்கு. ஆன்டிரினம், ஆஸ்டர் பதினாறு வரை போகும். நார்வேர் பிகோனியா அதற்கும் மேல், கிழங்கு பிகோனியாவும் சினரேரியாவும் ஐந்து ஆறு மாதம் கேட்கும். இவையெல்லாம் இரவு வெப்பம் ஓரளவு இதமாக இருக்கும் இடத்துக் கணக்கு. ஊட்டியின் ஜனவரி இரவில் செடி ஏறக்குறைய நின்றுவிடும், பகல் வெயிலில்தான் வளர்ச்சி. அதனால் எதற்கும் இரண்டு மூன்று வாரம் கூட்டிக்கொள்வது நல்லது. நுனி கிள்ளி விட்டால் இன்னும் இரண்டு வாரம் கூடும். பக்கக் கிளை வேண்டும் என்பதால் கிள்ளாமலும் இருக்க முடியாது.

கூட்டிப் பார்த்தால் பெட்டூனியாவுக்கும் ஆன்டிரினத்துக்கும் விதைநாள் டிசம்பர் கடைசிக்கும் ஜனவரி நடுவுக்கும் இடையில் விழுகிறது. மே 19ஆம் தேதிக் கண்காட்சி என்றால் ஒன்பது நாள் தள்ளி விதைத்திருக்கலாம், வளர்ச்சி மெதுவாக இருக்கும் அந்த மாதத்தில் ஒன்பது நாள் என்பது ஒரு ஜோடி இலை. தேதி முன்னால் வந்தபோது தோட்டக்காரருக்கு மிச்சமிருக்கும் வழிகள் மூன்றுதான்: நாற்றைக் கூரைக்குள் கூடுதல் நாள் வைத்து வளர்ப்பது, ஒரு முறை குறைவாகக் கிள்ளுவது, அல்லது வேகமாகப் பூக்கும் ரகத்துக்கு மாறுவது. மூன்றுமே செய்யக்கூடியவை, எப்போது என்றால் தேதி நவம்பரிலேயே தெரிந்திருந்தால். கண்காட்சித் தேதியை முந்தைய நவம்பருக்குள் முடிவு செய்து அறிவித்துவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சினரேரியாவும் கிழங்கு பிகோனியாவும் அதற்குள் விதைக்கப்பட்டிருக்கும். அவற்றிடம் போய் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ 'கொஞ்சம் சீக்கிரம் பூத்துவிடு' என்று கேட்க முடியாது.

இன்னொரு மாற்றம் தேதியைவிடக் கனமானது. 2023 கண்காட்சி மே 19 முதல் 23 வரை, ஐந்து நாள். 2024இல் மே 10 முதல் 20 வரை, பதினொரு நாள் என்று ஆரம்பித்து, கடைசியில் 26 வரை நீட்டித்தார்கள். ஐந்து நாளுக்கு ஒரே விதைப்பு போதும், எல்லாம் ஒன்றாக விரிந்தால் நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் பூ நிற்க வேண்டும் என்றால் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாக விதைத்தாக வேண்டும். முதல் தவணைதான் பனிக்குள் ஆழமாகப் போய் மாட்டுவது.

இங்கே எல்லாச் செடிக்கும் ஒரே மாதிரிப் பயப்பட வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பால்சம், ஜின்னியா, சால்வியா, பிகோனியா, மேரிகோல்டு இவை முதல் பனியிலேயே வேகவைத்த கீரை மாதிரி துவண்டுவிடும். பெட்டூனியாவும் வெர்பீனாவும் பழக்கப்படுத்தியிருந்தால் லேசான பனியைத் தாங்கும். பேன்சி, டயாந்தஸ், ஆன்டிரினம், ஸ்டாக், கேண்டிடஃப்ட், லூபின், டெல்பினியம் இவையோ குளிரில் வளரவே பிறந்தவை, ஸ்டாக்குக்குப் போதுமான குளிர் கிடைக்காவிட்டால் பூவே சரியாக வராது. லில்லியம் கிழங்கும் குளிர்ந்த வாரங்களைக் கடந்துதான் பூக்கும். டெல்பினியத்தை ஜனவரி இரவில் வெளியே வைப்பது அதற்குச் செய்யும் உபகாரம். பனிக்காலத்தை ஒரே கெட்ட காலமாகப் பார்த்து எல்லா விதையையும் பிப்ரவரி வரை கட்டி வைக்கிறவர்கள் இந்தக் கூட்டத்தின் நல்ல பூவை இழக்கிறார்கள். ஊட்டி வீட்டுத் தோட்டங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் குறை இதுதான்: கருகிப்போன செடி கண்ணில் படுகிறது, தாமதத்தால் குட்டையாக நின்று நாலு பூ பூத்து முடிந்த ஆன்டிரினம் யார் கண்ணிலும் படுவதில்லை.

மிலார், தொட்டி, விடியல் தண்ணீர்

பூங்காவில் காலங்காலமாகச் செய்துவரும் வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பின்னால் நல்ல காரணம் இருக்கிறது. நவம்பர் பிறந்தால் மலர்ச் செடிகளையும் அலங்காரச் செடிகளையும் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து கொண்டுவரும் மிலார் செடிகளால் மூடுவார்கள். சில இடங்களில் பிளாஸ்டிக் தாளும் போடுவார்கள். மூடுவதன் வேலை செடிக்குக் கதகதப்பு உண்டாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். தரையிலிருந்து ஆகாயத்துக்கு ஓடும் வெப்பத்தை நடுவில் மறித்துத் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. அதனால் இரண்டு விதி: பொழுது சாயும் முன்பே, மண்ணில் வெயிலின் சூடு இருக்கும்போதே மூட வேண்டும். இரவு பத்து மணிக்கு ஞாபகம் வந்து மூடினால் குளிர்ந்த மண்ணை மூடி வைத்ததுதான் மிச்சம். அப்புறம், மூடாக்கு இலையைத் தொடக் கூடாது, முக்கியமாக பிளாஸ்டிக். தொட்ட இடத்தில் இலை அப்படியே உறையும். மிலார் பிளாஸ்டிக்கைவிட நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம், அது காற்று விடும், பகலில் எடுக்காவிட்டாலும் செடி உள்ளே வேகாது, காலை வெயிலையும் வடிகட்டும்.

காலை வெயில் என்பது தனிக் கதை. உறைந்த இலை மெதுவாக உருகினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. கிழக்கு பார்த்த பாத்தியில் ஆறரை ஏழு மணி வெயில் நேராக அடித்தால், இலை வேகமாக உருகி, வேர் இன்னும் குளிர்ந்து நீரை உறிஞ்ச முடியாத நிலையில் இருக்க, இலை மட்டும் நீரை இழந்து கருகும். விடியும் முன் புல்வெளிக்கு ஸ்பிரிங்ளரில் தண்ணீர் தெளிப்பது இதற்காகத்தான். கிணற்று நீரோ குழாய் நீரோ பனியைவிடச் சூடானது, பனியைக் கழுவி இலையை நிதானமாக மீட்டெடுக்கும். வெயில் ஏறிய பிறகு தெளித்துப் பயன் இல்லை. வீட்டில் செய்கிறவர்கள் மென்மையான நாற்றுக்கு இதை நம்ப வேண்டாம், அது உள்ளே இருக்க வேண்டியது.

பூங்காவின் உண்மையான பதில் தொட்டிதான் என்று எனக்குப் படுகிறது. கண்காட்சியில் நாம் பார்க்கும் மாடங்களில் அடுக்கியிருப்பவை பல்லாயிரம் தொட்டிகள், அவை நாற்றங்காலிலும் கண்ணாடிக் கூரையின் கீழும் வளர்ந்து, கடைசி நேரத்தில் இடம் மாறியவை. கீழே பெரிய புல்வெளிப் பக்கம் சரிவின் குளிர்காற்று முழுவதும் வந்து தேங்கும், அங்கே பாத்தியில் நட்ட செடி பனியிலிருந்து எங்கேயும் ஓட முடியாது. தொட்டியைத் தூக்கலாம். மண்ணில் நேரடியாக நடும் பாத்திகளுக்குக் குளிர் தாங்கும் இனங்களும் பிப்ரவரி கடைசியில் வெளியே வரும் நாற்றுகளும் என்று பிரித்துவிட்டால் பனித்தேதிப் பிரச்சினையில் பாதி தானே தீர்ந்துவிடும். (டிஸ்னி கோட்டை, மலை ரயில் என்று செய்யும் பெரிய உருவங்கள் எல்லாம் வெட்டுப்பூக்கள், அவற்றுக்கும் ஊட்டிப் பனிக்கும் சம்பந்தம் இல்லை.)

மே மாதமும் சும்மா விடவில்லை. கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோதே கனமழை எச்சரிக்கை வந்து, மே 18, 19, 20 தேதிகளில் நீலகிரிக்கு வருவதைத் தவிர்க்கச் சொல்லி மாவட்ட நிர்வாகம் சுற்றுலாப் பயணிகளைக் கேட்டுக்கொண்டது. கோடை மழையில் பெட்டூனியா இதழ் நனைந்த காகிதம் போல் ஒட்டிக்கொள்ளும், மேரிகோல்டு தலை கனத்துச் சாயும். பனி முடியட்டும் என்று மிகவும் தள்ளி நடுகிறவருக்கு மறுபக்கத்தில் காத்திருப்பது இந்த மழை. ஆகவே 'பாதுகாப்பாகத் தாமதிப்பது' என்று ஒன்று ஊட்டியில் கிடையாது.

வீட்டில் செய்கிறவர்களுக்கு

கண்காட்சியை ஒட்டி வீட்டுத் தோட்டங்களுக்கும் போட்டி உண்டு, ஆகையால் இந்தக் கணக்கு பூங்காவுக்கு மட்டுமானது அல்ல. முதலில் உங்கள் வீடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். காந்தல், தலைகுந்தா போலப் பள்ளமான இடம் என்றால் மேரிகோல்டு, சால்வியா, பால்சம் ஆகியவற்றை மார்ச் முதல் வாரம் தாண்டித்தான் மண்ணில் வைக்கச் சொல்வேன். சரிவின் நடுவில், குளிர்காற்று வழிந்து கீழே போய்விடும் இடம் என்றால் பிப்ரவரி கடைசி வாரம் போதும். ஒரே வீட்டிலேயே சரிவுக்குக் குறுக்கே கட்டிய மதில் இருந்தால் அதன் மேல்பக்கம் குளிர்காற்று தேங்கும், அங்கே பனி அதிகம். மேற்கு பார்த்த கருங்கல் சுவரின் ஓரம் மாலை வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், அங்கே ஒரு வாரம் முன்னதாகவே நடலாம்.

சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கி நாற்று உயரத்தில் குச்சியில் கட்டுங்கள். விடியற்காலை அளவையும் பனி தெரிந்ததா என்பதையும் நாட்காட்டியிலேயே குறித்து வையுங்கள். நாலைந்து குளிர்காலம் சேர்ந்தால் உங்கள் தோட்டத்துக்கான பனித்தேதி உங்களிடமே இருக்கும், அது ஊர்ப் பொதுக்கணக்கைவிட நம்பகமானது. வெள்ளையாகத் தெரிந்தால்தான் பனி என்று நினைக்காதீர்கள். காற்று மிகவும் காய்ந்திருந்தால் இலையில் ஒரு துளி வெள்ளையும் இல்லாமலேயே உறைந்து கருகும், பகல் பத்து மணிக்குத்தான் கறுப்பு தெரியும். மாலையில் வானம் நிர்மலமாக, மரத்தின் இலை அசையாமல், உதடு வெடிக்கும் அளவுக்குக் காற்று காய்ந்திருந்தால் அன்றிரவு மூடிவிடுங்கள்.

வெளியே நடப்போகும் நாற்றை ஒரு பத்து நாளாவது பழக்கப்படுத்த வேண்டும்: பகலில் வெளியே, இரவில் திண்ணையோ கூரையோ, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, யூரியா போன்ற தழைச்சத்தை முற்றிலும் நிறுத்தி. பனிக்காலத்தில் உரம் போட்டுக் கொழுக்க வைத்த நாற்றுதான் முதலில் போகும். மழை நீண்டு பனி தாமதமாகும் ஆண்டுகளில் இந்தப் பத்து நாளை இரண்டு வாரமாக்குங்கள், 2024 ஜனவரி அதற்குச் சரியான உதாரணம்.

2025 கண்காட்சி மே 15இல் தொடங்கி 25 வரை நடந்தது. தேதி ஆண்டுக்கு ஆண்டு இப்படி ஆடும் என்று வைத்துக்கொண்டால், வீட்டுக்காரர்கள் மே 10ஐயே இலக்காக வைத்து முதல் தவணையும், பன்னிரண்டு நாள் கழித்து இரண்டாம் தவணையும் விதைப்பதுதான் நடைமுறைக்கு ஏற்றது.

இரண்டாம் சீசனுக்கு ஜூலையில் நட்டு செப்டம்பர், அக்டோபரில் பூப்பவற்றுக்கு முதல் பனி பெரிதாகத் தொந்தரவு தராது, அதற்குள் அவை முடிந்துவிடும். டேலியாவின் மேல்பாகம் மட்டும் கருகும். ஊட்டி மண் உள்ளே உறைவதில்லை, கிழங்கு பத்திரமாக இருக்கும், கருகிய தண்டை வெட்டி மேலே கொஞ்சம் மக்கிய தழையைப் போட்டால் போதும். ஹைட்ரேஞ்சியாவை மட்டும் டிசம்பரில் கவாத்து செய்துவிடாதீர்கள். அது பழைய கிளையில் உருவான மொட்டிலிருந்துதான் பூக்கும், காய்ந்த பூங்கொத்து அப்படியே மேலே நின்றால் கீழே இருக்கும் மொட்டுக்கு அதுவே குடை. பனி முடிந்தது என்று உங்கள் வெப்பமானி சொல்லும் வரை, அதாவது மார்ச் வரை, கத்தரி உள்ளேயே இருக்கட்டும்.